மடங்காத பின்சீட்டும் மறைந்துபோன சிவப்பு வளையமும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

மதுரையில் ஒரு குடும்பம் ஆறு ஆண்டுகளாக வைத்திருக்கும் பெட்ரோல் ஹேட்ச்பேக் வண்டி. ஓட்டம் 58,000 கி.மீ. பின்சீட்டின் பேக்ரெஸ்ட் இரண்டு துண்டாக மடங்கும் வகை: இடப்பக்கம் 60 பங்கு, வலப்பக்கம் 40 பங்கு. ஒவ்வொரு துண்டின் வெளிப்பக்கத் தோள் மூலையிலும் ஒரு பிளாஸ்டிக் நாப். அதை மேலே இழுத்தால் உள்ளே இருக்கும் லாட்ச் விடும், பேக்ரெஸ்ட் முன்னால் சாயும். நாப்பின் கழுத்தில் ஒரு சிவப்பு வளையம் உண்டு. லாட்ச் சரியாகப் பூட்டியிருந்தால் நாப் கீழே அமர்ந்து வளையம் மறைந்துவிடும். சிவப்பு தெரிந்தால் பூட்டவில்லை என்று பொருள்.

இந்தச் சீட்டில் முன்பே இரண்டு வேலைகள் நடந்திருந்தன. மூன்று ஆண்டுகளுக்கு முன், மேடுபள்ளத்தில் பின்னாலிருந்து வந்த கடகட சத்தத்தை நிறுத்த இருபக்க ஸ்ட்ரைக்கர்களிலும் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றப்பட்டது. ஸ்ட்ரைக்கர் என்பது வண்டியின் பக்கச்சுவரில் போல்ட் போட்டுப் பொருத்திய வளைந்த இரும்புக் கம்பி. லாட்ச் கவ்விப் பிடிப்பது இதைத்தான். புதிதில் அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கும். அந்த உறை கிழிந்ததால்தான் சத்தமே வந்தது. உறையை மாற்றாமல் அதன்மேலேயே டேப்பைச் சுற்றிவிட்டார்கள்.

இரண்டாவது வேலை, இரண்டு ஆண்டுகளுக்கு முன் போட்ட ஆர்ட் லெதர் சீட் கவர். உள்பக்கம் 10 மி.மீ. ஸ்பாஞ்ச் வைத்துத் தைத்த தடித்த கவர். 40 பக்கத்தில் நாப் வெளியே வர ஒரு சின்னக் கீறல் விட்டிருந்தார்கள். நாப்பின் தலை மட்டும் வெளியே தெரியும், கழுத்தும், நாப்பின் துளையைச் சுற்றிய பிளாஸ்டிக் விளிம்பும் கவருக்கு அடியில். 60 பக்கத்தில் கீறல் இரண்டு செ.மீ. தள்ளி விழுந்திருந்தது. அதனால் நாப் முழுவதுமே லெதருக்கு அடியில் புதைந்துபோனது. இரண்டு பக்கமும் சிவப்பு வளையம் கண்ணுக்குத் தெரியாத நிலைக்கு அன்றே வந்துவிட்டது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

வீட்டுப் பெரியவருக்கு இடுப்பு அறுவை முடிந்து, மருத்துவமனையிலிருந்து சக்கர நாற்காலியோடு அழைத்துவர வேண்டியிருந்தது. நாற்காலியை மடித்தாலும் டிக்கிக்குள் வைத்துக் கதவை மூட முடியாது. 60 பக்கம் மடங்கினால்தான் வேலை நடக்கும்.

முதல் நாள்: வீட்டில்

லெதரைத் தடவிப் பார்த்து நாப் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தார்கள். பிளேடால் மூன்று செ.மீ. கீறி நாப்பை வெளியே எடுத்து இழுத்தபோது, ஐந்து மி.மீ. அளவுக்கு உயர்ந்து நின்றுவிட்டது. அடுத்து கட்டிங் பிளேயரால் பிடித்து இழுத்தார்கள். ‘டக்’ என்ற சத்தத்தோடு நாப் மூன்று செ.மீ. மேலே வந்தது, எதிர்ப்பே இல்லாமல். சீட்டோ அசையவில்லை.

பிறகு அந்த ஓட்டை வழியாகத் துரு நீக்கும் ஸ்ப்ரேயை அடித்தார்கள். அது நாப்பின் கம்பி வழியே வழிந்து ஸ்பாஞ்சில் ஊறியதே தவிர, லாட்சைப் போய்ச் சேரவில்லை. பேக்ரெஸ்டின் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை மிச்சம். டயர் லீவரைச் சந்தில் விட்டு நெம்பலாம் என்று ஒருவர் சொல்ல, வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். அன்றைக்கு எடுத்த முடிவுகளில் மிகச் சரியானது அதுதான். நெம்பியிருந்தால் பக்கவாட்டு பிளாஸ்டிக் முதலில் உடைந்திருக்கும், அடுத்து பேக்ரெஸ்டின் ஃபிரேம் வளைந்திருக்கும். லாட்ச் அப்போதும் விட்டிருக்காது.

இரண்டாம் நாள்: பணிமனையில் முதல் ஒரு மணி நேரம்

வண்டியை ஒப்படைக்கும்போது உரிமையாளர் சொன்னது: “அந்தப் பக்கம் லேசா தொட்டாலே மடங்குதுண்ணே, இந்தப் பக்கம்தான் அசையவே மாட்டேங்குது.” வேலைச் சீட்டில் ‘இடது பின்சீட் மடங்கவில்லை’ என்று மட்டும் எழுதப்பட்டது. அந்த வாக்கியத்தின் முதல் பாதியை யாரும் எழுதவில்லை. அதன் விளைவு பின்னால் வருகிறது.

சிக்கிய பின்சீட்டுக்கு முதலில் செய்வது சுமையை இறக்குவது. லாட்சின் உள்ளே இரண்டு முக்கியத் துண்டுகள் உண்டு. ஒன்று ஸ்ட்ரைக்கரைச் சுற்றிப் பிடிக்கும் கவ்வி. மற்றது கவ்வி திரும்பிவிடாமல் அதன் வெட்டில் விழுந்து நிற்கும் தடைப்பல். நாப்பை இழுக்கும்போது நகர்வது தடைப்பல்தான். சீட் முன்பக்கம் தள்ளப்பட்டுக்கொண்டே இருந்தால் கவ்வி தடைப்பல்லின்மேல் அழுந்திக்கொண்டே இருக்கும். அழுத்தம் கூடக் கூட இரண்டுக்கும் இடையே உராய்வு கூடும். அப்போது நாப்பைப் பலமாக இழுப்பது கம்பியையும் கிளிப்பையும்தான் சோதிக்கும்.

அதனால் ஓர் ஆள் டிக்கியைக் காலி செய்து, பார்சல் ட்ரேயை எடுத்துவிட்டு, பின்சீட்டில் முழங்காலிட்டு, பேக்ரெஸ்டின் மேல் மூலையை, அதாவது லாட்ச் இருக்கும் இடத்தையே, உள்ளங்கையால் பின்பக்கம் அழுத்த வேண்டும். அழுத்தம் இருக்கும்போதே இன்னோர் ஆள் நாப்பை நேர்செங்குத்தாக இழுக்க வேண்டும். பேக்ரெஸ்டின் நடுவில் அழுத்தினால் பயனில்லை. ஃபிரேம் வளைந்து கொடுத்து மூலை அப்படியே நிற்கும். பல வண்டிகளில் இந்த ஒரு செய்கையிலேயே சீட் விட்டுவிடும்.

இங்கே விடவில்லை. நாற்பது நிமிடம் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார்கள். நாப் எதிர்ப்பே இல்லாமல் மேலும் கீழும் போவதை இருவரும் கையில் உணர்ந்திருக்கிறார்கள். எதிர்ப்பில்லாத நாப்புக்கு ஒரே பொருள்தான்: அதன் கம்பி லாட்சோடு இணைப்பில் இல்லை. இதை முதல் நிமிடத்திலேயே முடிவு செய்திருக்க வேண்டும்.

உள்ளே என்ன இருந்தது

கவரை வெட்டாமல் கழற்றினார்கள். பேக்ரெஸ்டின் அடிப்பாகத்தில் கவரை இழுத்துப் பிடிக்கும் எலாஸ்டிக் பட்டைகளும் கொக்கிகளும் இருக்கும். அவற்றை விடுவித்து, ஹெட்ரெஸ்டுகளை எடுத்துவிட்டு, கவரை அடியிலிருந்து மேல்நோக்கிச் சுருட்டினால் தோள் மூலை திறந்துவிடும். 15 நிமிட வேலை.

அடுத்து டிக்கி பக்கமிருந்து பேக்ரெஸ்டின் முதுகுத் தட்டு. கார்பெட் ஒட்டிய அட்டை அது. ஏழு பிளாஸ்டிக் கிளிப்புகளில் நிற்கிறது. கிளிப்புக்கு நேர் அடியில் பிளாஸ்டிக் நெம்பியை விட்டு ஒவ்வொன்றாக எடுத்தும் இரண்டு உடைந்தன. ஆறு ஆண்டு வெயில் பார்த்த கிளிப்புகள் உடையத்தான் செய்யும், புதிது வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது. வெளிப்பக்க மூலையில் அட்டையைக் கையகலம் விலக்கி, போனில் இணைக்கும் மெல்லிய கேமராக் குழாயை உள்ளே விட்டார்கள்.

திரையில் மூன்று விஷயங்கள் தெரிந்தன. நாப்பின் கம்பியை லாட்சின் லீவரோடு இணைக்கும் வெள்ளைக் கிளிப் இரண்டாக உடைந்து, கம்பியின் முனை ஃபிரேமுக்குள் சும்மா தொங்கியது. முதல் நாள் கேட்ட ‘டக்’ சத்தம் இதுதான். இரண்டாவது, லாட்சின் வாய்க்குள் கறுப்பாக, பளபளப்பாக ஏதோ நிரம்பியிருந்தது. மூன்றாவது, தடைப்பல் வெட்டின் ஆழத்துக்கு இறங்காமல் முக்கால் பங்கில் நின்றது.

அந்தக் கறுப்புப் பொருள் மூன்று ஆண்டுக்கு முன் சுற்றிய டேப். மதுரை வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் அந்தப் பசை உருகும், டேப் வழுக்கி நகரும், ஓரங்கள் சுருளும். ஒவ்வொரு முறை சீட்டை மூடும்போதும் கவ்வி அந்தச் சுருளை உள்ளே இழுத்து அரைத்திருக்கிறது. கடைசியில் டேப்பின் ஒரு மடிப்பு கவ்விக்கும் லாட்ச் தகட்டுக்கும் நடுவில் ஆப்பு வைத்ததுபோல் ஏறிவிட்டது. அதன்மேல் கவரின் தடித்த ஸ்பாஞ்ச் பக்கவாட்டு பிளாஸ்டிக்கில் முட்டி, சீட்டை எந்நேரமும் முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது. ஆப்பும் சுமையும் சேர்ந்ததால் நாப் ஐந்து மி.மீ.க்கு மேல் வரவில்லை. சத்தம் நிற்க ஒன்றும் அழகுக்கு ஒன்றுமாகச் செய்த இரண்டு சின்ன வேலைகள் ஒரே மூலையில் வந்து கூடியிருக்கின்றன.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மூன்று வழிகள் முன்னால் இருந்தன.

முதல் வழி, முதுகுத் தட்டின் இடைவெளி வழியாகத் தடைப்பல்லின் லீவரை நேரடியாகத் தள்ளுவது. எதுவும் உடையாது, எதையும் வெட்ட வேண்டியதில்லை. இதுவே தேர்வானது.

இரண்டாவது, ஸ்ட்ரைக்கரையே கழற்றுவது. பக்கச்சுவரை மூடும் பிளாஸ்டிக் தட்டான பக்கவாட்டு டிரிம்மை எடுத்தால் ஸ்ட்ரைக்கரைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டுகள் டிக்கி பக்கமிருந்து எட்டும். அவற்றைக் கழற்றினால் லாட்ச் ஸ்ட்ரைக்கரைக் கவ்விய நிலையிலேயே சீட் முன்னால் வந்துவிடும்; பிறகு மேசைமேல் வைத்து நிதானமாகப் பிரிக்கலாம். லாட்ச் எந்த வகையிலும் விடாதபோது பெரும்பாலான வண்டிகளில் இதுதான் உறுதியான வழி. இங்கே இது கையிருப்பாக வைக்கப்பட்டது, ஏனென்றால் டிரிம்மின் கிளிப்புகளும் பழையவை. இந்த வண்டியில் முன்பக்க ஏர்பேக்குகள் மட்டுமே. கூரையோரத்தில் கர்ட்டன் ஏர்பேக் உள்ள வண்டிகளில் இந்த டிரிம்மைத் தொடும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, சர்வீஸ் மேனுவல் சொல்லும் நேரம் காத்திருந்த பிறகே கை வைக்க வேண்டும்.

மூன்றாவது, ஸ்ட்ரைக்கரை ஹேக்ஸாவாலோ கிரைண்டராலோ அறுப்பது. இது உடனே விலக்கப்பட்டது. ஸ்பாஞ்சும் கார்பெட்டும் துரு நீக்கும் ஸ்ப்ரேயில் ஊறியிருக்கும் இடத்தில் தீப்பொறி விழ விடக் கூடாது.

திறந்த விதம்

நீளமான தட்டை ஸ்க்ரூடிரைவரின் முனையில் ஒரு சுற்றுத் துணி கட்டி லீவரில் வைத்தார்கள். துணி கட்டியதற்குக் காரணம், முனை வழுக்கினால் தடைப்பல்லின் விளிம்பில் கீறல் விழும் என்பதே. உள்ளே ஒருவர் மூலையைப் பின்னால் அழுத்த, டிக்கி பக்கம் இருந்தவர் லீவரைத் தள்ளினார். தடைப்பல் விலகியது. கவ்வி பாதி திரும்பி நின்றது, டேப் பிடித்துக்கொண்டது.

இந்த இடத்தில் இன்னும் பலம் போட்டிருந்தால் கவ்வியின் ஸ்பிரிங் கழன்றிருக்கும். நிறுத்திவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைச் சின்ன பிரஷ்ஷில் தொட்டு லாட்சின் வாயில் தடவினார்கள். நான்கு கதவும் டிக்கியும் திறந்திருந்தன, உள் விளக்குகள் அணைந்திருந்தன. பெட்ரோலோ தின்னரோ ஊற்றுவது வழக்கத்தில் இருக்கிறது. மூடிய காருக்குள் அதன் ஆவி தீப்பிடிக்கும், லாட்சின் பிளாஸ்டிக் பாகங்களும் கெடும். பத்து நிமிடம் கழித்து வளைந்த ஊசிக் கொக்கியால் டேப்பை இழுத்தபோது, முதலில் நூல் நூலாக வந்தது. பிறகு விரல் நீளத்தில் ஒரு சுருள், அதன் ஒரு முனை காகிதம்போல் நசுங்கித் தட்டையாகி, கவ்வியின் வளைவு அச்சாகப் பதிந்திருந்தது. அது வெளியே வந்ததும் கவ்வி தானாகவே திரும்பிச் சீட்டை விட்டது.

சீட் மடங்கிய பின் லாட்சைக் கழற்றி மண்ணெண்ணெயில் பிரஷ் போட்டுக் கழுவிப் பார்த்தார்கள். ஸ்பிரிங்குகள் சரியாக இருந்தன. ஆனால் தடைப்பல்லின் முனை ஒரு பக்கம் மழுங்கி, நகத்தால் தடவினால் விளிம்பு சிக்காத அளவுக்கு வட்டமாகியிருந்தது. முக்கால் பங்கில் நின்றே இரண்டு மூன்று ஆண்டு ஓடியதன் தேய்மானம் அது.

அரம் போட்டு விளிம்பைக் கூராக்கலாம் என்று ஒருவர் சொன்னார். அது மறுக்கப்பட்டு, லாட்ச் முழு செட்டாக மாற்றத் தீர்மானிக்கப்பட்டது. தடைப்பல்லின் கோணமும் அதன் கடினமான மேற்பரப்பும் தொழிற்சாலையில் அமைத்தவை. அரம் இரண்டையும் எடுத்துவிடும். பேக்ரெஸ்டின் லாட்ச், சாமான் டிக்கியிலிருந்து எட்டிப் பார்க்காமல் இருக்க வைத்த வெறும் தாழ்ப்பாள் அல்ல. சீட்டுகளுக்கான ஐ.நா.வின் 17ஆம் எண் விதிமுறையில் ஒரு சோதனை உண்டு: பேக்ரெஸ்டுக்குப் பின்னால் தலா 18 கிலோ எடையுள்ள, 300 மி.மீ. பக்க அளவுள்ள இரண்டு கட்டைகளை வைத்து, மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் மோதினால் ஏற்படும் அதிர்வைக் கொடுப்பார்கள். கட்டைகள் முன்னால் பாய்ந்து வந்து இடிக்கும்போதும் பேக்ரெஸ்ட் பூட்டியே இருக்க வேண்டும். அந்த இடியைத் தாங்குவது இந்தச் சின்னப் பல்லின் விளிம்புதான். நடு இருக்கையின் பெல்ட் பேக்ரெஸ்டுக்குள்ளேயே வைக்கப்பட்ட வண்டிகளில், அந்தப் பெல்ட்டைப் போட்டிருப்பவரின் பாரமும் இதன்மேல்தான் விழும்.

உதிரிபாகம் வரும்வரை

புதிய லாட்ச் வர மூன்று நாள் ஆகும் என்றார்கள். குடும்பத்துக்கோ மறுநாளே வண்டி வேண்டும். பழைய லாட்சைத் திரும்பப் போட்டுச் சீட்டை நிமிர்த்தித் தருவது எளிது. ஆனால் நிமிர்ந்த சீட்டில் யாராவது உட்காருவார்கள். அதனால் லாட்சைப் பொருத்தாமலே, 60 பக்கம் மடங்கிய நிலையிலேயே வண்டி கொடுக்கப்பட்டது. மடங்கிய சீட்டுக்கு லாட்ச் தேவையில்லை, சக்கர நாற்காலிக்கு வேண்டியதும் அந்த இடம்தான். டிக்கியின் தரையிலிருக்கும் கொக்கிகளில் ராட்செட் பெல்ட் போட்டு நாற்காலியைக் கட்டும் விதம் காட்டப்பட்டது. பெரியவர் முன்சீட்டில், துணைக்கு வருபவர் பின்னால் 40 பக்கத்தில்.

அந்த ஏற்பாட்டில் ஒரு பாதி சரி. மற்ற பாதி சரியல்ல என்பது ஐந்தாம் நாள்தான் தெரிந்தது.

ஐந்தாம் நாள்: பொருத்தியதும் முதல் தோல்வியும்

புதிய லாட்ச், புதிய கம்பிக் கிளிப், ஸ்ட்ரைக்கருக்குப் புதிய உறை. ஸ்ட்ரைக்கரில் மிச்சமிருந்த பசை ஆல்கஹாலில் துடைக்கப்பட்டது. அதன் போல்ட்டுகளை ஸ்ட்ரைக்கர் கையால் நகரும் அளவுக்கு மட்டும் தளர்த்தி, சீட்டை மெதுவாக மூடி, லாட்ச் தானே ஸ்ட்ரைக்கரை நடுவுக்குக் கொண்டுவர விட்டு, அந்த நிலையில் அடையாளம் போட்டு, பிறகு மேனுவலில் சொன்ன அளவுக்கு இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கினார்கள். கவ்வியின் சுழல் முனையிலும் தடைப்பல்லிலும் வெள்ளை லித்தியம் கிரீஸ் அரிசியளவு. அதிகம் வைத்தால் தூசியைப் பிடித்து மறுபடி சேறாகும்.

கவர் இல்லாமல் மூடியபோது ஒரே ‘கிளக்’. நாப் முழுதாக இறங்கியது, சிவப்பு மறைந்தது. கவரை மாட்டி மூடியபோது நாப் ஐந்து மி.மீ. உயரத்திலேயே நின்றது, சிவப்பு வளையம் பாதி தெரிந்தது. பலமாக அடித்து மூடினால் பூட்டியது. பலமாக அடித்தால்தான் பூட்டும் என்பதை ஏற்றுக்கொண்டு வண்டியைக் கொடுத்திருந்தால், அதே சுமையில் அதே கதை மறுபடி தொடங்கியிருக்கும்.

கவர் எங்கே முட்டுகிறது என்று பார்க்க, தையல்காரர்கள் துணியில் கோடு போடும் சாக்பீஸை எடுத்துப் பக்கவாட்டு பிளாஸ்டிக்கின் ஓரம் முழுவதும் தேய்த்து, சீட்டை மூடித் திறந்தார்கள். கறுப்பு லெதரில் தோள் மூலைக்குக் கீழே நான்கு செ.மீ. நீளத்துக்கு வெள்ளைக் கோடு ஒன்று விழுந்திருந்தது. முட்டுவது அந்த இடம் மட்டுமே. கவரின் உள்பக்கம் அந்த நீளத்துக்கு ஸ்பாஞ்சை உரித்து எடுத்து, லெதர் மட்டும் நிற்கும்படி ஓரம் தைக்கப்பட்டது. நாப்புக்கான கீறல் வட்டமாக வெட்டப்பட்டு, பிசிறாமல் இருக்க ஓரத்தில் இரட்டைத் தையல். நாப்பின் துளையைச் சுற்றிய பிளாஸ்டிக் விளிம்பைக் கழற்றி, கவரின் மேலே வரும்படி திரும்பப் பொருத்தினார்கள். இப்போது இரண்டு விரலால் தள்ளினாலே சீட் பூட்டியது, பூட்டாதபோது சிவப்பு வளையம் வெளியிலிருந்து தெளிவாகத் தெரியும்படி இருந்தது.

பூட்டைச் சோதித்த விதம்: பேக்ரெஸ்டின் மேல் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து முன்னால் வெடுக்கென்று இழுப்பது, மூன்று முறை. பிறகு பத்து முறை மடக்கி நிமிர்த்தி, ஒவ்வொரு முறையும் நாப்பின் உயரத்தைப் பார்ப்பது. சீட் பெல்ட்டின் நாடா பேக்ரெஸ்டுக்கும் பக்கச்சுவருக்கும் இடையில் சிக்காமல் அதன் வளையத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது. நாடா லாட்சின் வாயில் மாட்டினால் லாட்ச் பூட்டாது, பெல்ட்டும் அறுந்து கெடும். இது அடிக்கடி நடப்பது.

வலப்பக்கம்

சோதனை முடிந்தபின், இரண்டு பக்கமும் ஒரேபோல் இருக்கட்டும் என்று 40 பக்கக் கவரிலும் வட்டம் வெட்டினார்கள். கவர் விலகியதும் அடியில் சிவப்பு வளையம் முழுதாகத் தெரிந்தது. நாப் ஆறு மி.மீ. உயரத்தில் நின்றுகொண்டிருந்தது. ஒருவர் மேல் விளிம்பைப் பிடித்து இழுக்க, நாப்பைத் தொடாமலே சீட் முன்னால் வந்துவிட்டது.

அந்தப் பக்க ஸ்ட்ரைக்கரில் டேப் இன்னும் தடிமனாகச் சுற்றப்பட்டிருந்தது. கவ்வி முழுதாகத் திரும்ப முடியாமல், தடைப்பல் வெட்டில் விழாமல் கவ்வியின் நுனியில் ஏறி நின்றிருக்கிறது. சீட்டை நிறுத்தி வைத்திருந்தது அந்த நுனியும் கவரின் உராய்வும் மட்டுமே. லேசாகத் தொட்டாலே மடங்குகிறது என்று உரிமையாளர் சொன்னது இதைத்தான். இடப்பக்கம் பழுதானது, வலப்பக்கம் நன்றாக இருக்கிறது என்று எல்லாரும் நினைத்திருந்தோம். நிலைமை நேர்மாறு. சிக்கிய பக்கம் பூட்டாவது போட்டிருந்தது.

இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரை துணைக்கு வந்தவர் உட்கார்ந்து போனது இந்தச் சீட்டில். அதற்கு முந்தைய ஓராண்டு வீட்டுக் குழந்தையின் சீட்டும் இங்கேதான் கட்டப்பட்டிருந்தது. அதன் மேல்பட்டை மாட்டும் கொக்கி, இந்த வண்டியில் பேக்ரெஸ்டின் முதுகில் இருக்கிறது. பேக்ரெஸ்ட் பூட்டாதபோது அந்தக் கொக்கி எதையும் பிடித்திருக்காது. இது உரிமையாளரிடம் மறைக்காமல் சொல்லப்பட்டது. டேப் எடுக்கப்பட்டு, உறை மாற்றப்பட்டு, லாட்ச் கழற்றிச் சோதிக்கப்பட்டது. பல் தேயாததால் லாட்சை மாற்றத் தேவை வரவில்லை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

வண்டி வந்தவுடன், புகார் எந்தப் பக்கமாக இருந்தாலும், இரண்டு பக்க பேக்ரெஸ்டையும் நாப்பைத் தொடாமல் இழுத்துப் பார்க்க வேண்டும். அரை நிமிட வேலை. அது செய்யப்படாததால் மூன்று நாள் ஓர் ஆள் பூட்டாத சீட்டில் போனார். இந்த நிகழ்வில் நடந்த பிழைகளில் பெரியது பணிமனையுடையது, டேப் சுற்றியவருடையதோ கவர் போட்டவருடையதோ அல்ல. வாடிக்கையாளர் சொல்வதை வேலைச் சீட்டில் அவர் சொன்னபடியே எழுதுவது இப்போது கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. ‘லேசாக மடங்குகிறது’, ‘அடித்தால்தான் பூட்டுகிறது’ என்று வரும் சொற்கள் சிவப்பு மையில்.

நாப் எதிர்ப்பில்லாமல் ஆடினால் இழுப்பதை நிறுத்திவிட்டுக் கேமராவை உள்ளே விட வேண்டும். கடகட சத்தத்துக்கு ஸ்ட்ரைக்கரின் உறையை மாற்ற வேண்டும். டேப்போ சைக்கிள் டியூபோ சுற்றக் கூடாது. உறையின் தடிமன் கவ்வியின் அளவுக்குச் செய்யப்பட்டது, அதன்மேல் ஒரு மி.மீ. கூடினாலும் தடைப்பல் இறங்கும் ஆழம் குறையும். சீட் கவர் போட்டு முடித்ததும் கடையிலேயே நின்று, ஒவ்வொரு துண்டையும் மடக்கும்போது சிவப்புக் குறி கண்ணுக்குத் தெரிகிறதா, நிமிர்த்திப் பூட்டியதும் மறைகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுப்பது நல்லது.

வேறு வண்டிகளில் லாட்சைத் தேடும்போது

எல்லா வண்டியிலும் தோளில் நாப் இருக்காது. செடான் வண்டிகள் பலவற்றில் இழுக்கும் கைப்பிடி டிக்கிக்குள், பார்சல் ட்ரேயின் அடிப்பக்கம் கேபிளோடு தொங்கும். சிலவற்றில் பேக்ரெஸ்டுக்கும் உட்காரும் குஷனுக்கும் இடையில் துணிப் பட்டையாக இருக்கும். தடித்த கவர் போட்டால் முதலில் காணாமல் போவது இந்தப் பட்டைதான். சில செடான்களில் பேக்ரெஸ்டைச் சாவியாலும் பூட்டலாம். அதைப் பூட்டியிருப்பதே தெரியாமல் லாட்ச் சிக்கியது என்று வண்டியைக் கொண்டுவருவார்கள். குறைந்த விலை வேரியன்ட்களில் பேக்ரெஸ்ட் மடங்கவே மடங்காமல் போல்ட் போட்டு நிலையாக இருக்கும். அதே மாடலின் உயர்ந்த வேரியன்ட்டில் பார்த்த நாப்பை இதில் தேடிக் கவரைக் கிழிப்பதற்கு முன், வண்டியோடு வந்த கையேட்டில் அந்த வேரியன்ட்டுக்கு என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

கேபிள் வகையில் சிக்கல் வேறு விதமாக வரும். உள்கம்பி நீண்டு தளர்ந்தால் கைப்பிடி முழுதாக வந்தும் லாட்ச் விடாது. கேபிளின் வெளியுறையை லாட்சின் பக்கத்தில் விரலால் தள்ளிப் பிடித்துக்கொண்டு இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: அப்போது விட்டால் குறை தளர்வில், லாட்சில் அல்ல.

பின்தொடர்தல்

இரண்டு வாரத்தில் ஒரு முறையும் 1,000 கி.மீ. ஓடியபின் ஒரு முறையும் வண்டி சோதிக்கப்பட்டது. இரு பக்க நாப்புகளும் முழுதாக அமர்ந்திருந்தன, ஸ்ட்ரைக்கரின் அடையாளக் கோடு நகரவில்லை, காலி டிக்கியோடு வேகத்தடைகள்மேல் ஓட்டியபோது சத்தம் இல்லை. எண்ணெய்க் கறை மட்டும் பேக்ரெஸ்டின் ஓரத்தில் இன்னும் இருக்கிறது. குழந்தையின் சீட் மறுபடி வலப்பக்கத்தில் கட்டப்பட்டது. அதற்கு முன் உரிமையாளரே மேல் விளிம்பைப் பிடித்து மூன்று முறை இழுத்துப் பார்த்தார்.